உங்கள் விழுமியம், உங்கள் வேலை: பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஓர் எளிய கையேடு

முதலில் தனிமையான இடம் ஒன்று வேண்டும். விழுமியம் அமைதியில்தான் அகப்படும் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்கிறார்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் அப்படியோர் இடம் வீட்டுக்குள் கிடையாது என்பதால் மொட்டை மாடிக்குப் போங்கள். வற்றல் காயப்போட வந்த பெரியம்மா, "கட் ஆஃப் எவ்ளோடா?" என்பார். சொல்லிவிட்டு ஆத்ம பரிசோதனையைத் தொடருங்கள்.

அடுத்தது பட்டியல். மில்டன் ரோக்கீச் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்க்கை இலக்குகள் 18, நடத்தைப் பண்புகள் 18 என்று தொகுத்து, எது உங்களுக்கு முக்கியமோ அந்த வரிசையில் அடுக்கச் சொன்னார். உலக அமைதி, ஞானம், சுயமரியாதை, வசதியான வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு. சமூக அங்கீகாரம் என்று நாசூக்காக ஒன்றும் இருக்கிறது. அதாவது, நாலு பேர் என்ன சொல்வாங்க. அதை முதலிடத்தில் வைத்துவிட்டால் மீதி 17-ஐ அடுக்கும் சிரமம் மிச்சம்.

இனி விழுமியத்துக்கேற்ற படிப்பு. படைப்பாற்றல்தான் உங்களுக்குப் பெரிது என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுங்கள். சமூக சேவை என்றாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். சேவைக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இலக்கியம் என்பவர்கள் பொறியியல் கட் ஆஃப் கணக்கை ஒருமுறை பார்ப்பது நல்லது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, மொத்தம் 200. தமிழில் நீங்கள் எடுத்த மார்க் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

பாதுகாப்பு உங்கள் விழுமியமா? (அநேகமாக அது மாமாவுடையது. பரவாயில்லை, குடும்பச் சொத்துதானே.) அப்படியானால் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு, 200 கேள்வி, 300 மதிப்பெண். ஆகவே பி.இ. முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம். மாமா பென்ஷனைப் பற்றிப் பேசும்போது மட்டும் குறுக்கே பேசாதீர்கள். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு அவர் வாங்கும் அந்தப் பழைய பென்ஷன் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். விழுமியம் இந்த மாதிரிச் சில்லறை விவரங்களுக்கெல்லாம் அசையாது.

கேலியை ஒரு நிமிடம் ஒதுக்கி வைக்கிறேன். எட்கர் ஷைன் என்ற பேராசிரியர் 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் மேலாண்மை படித்த 44 பேரைப் பேட்டி கண்டார். சுமார் பத்தாண்டு கழித்து அவர்களையே மறுபடி தேடிப் போனார். வேலைக்குப் போய், ஒத்துவராத நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான், எதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர்களுக்கே பிடிபட்டிருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் நங்கூரம். நம்மிடம் அதைப் பதினேழு வயதில் கேட்கிறார்கள், படகு கட்டுவதற்கு முன்பே.

இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அந்த 44 பேருக்கும் முதல்ல சீட் கிடைச்சுதா இல்லையா?" என்பார் அப்பா. நியாயமான கேள்விதான். கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் வேறென்ன கேட்பார்?

கடைசியாக, கல்லூரி விருப்பங்களைப் பதிவதற்கு வருவோம். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. முன்பெல்லாம் கிண்டி வரைக்கும் பஸ்ஸில் போக வேண்டும், மனம் மாறுவதற்கு வழியில் நேரமாவது இருந்தது. இப்போது பிரௌசிங் சென்டரில் அப்பா, சித்தப்பா, சென்டர்காரர் மூவரும் சேர்ந்து உங்கள் விழுமியங்களை வரிசைப்படுத்துவார்கள். நாலாவது நாற்காலி கிடைத்தால் உட்காருங்கள். உள்ளூர ஆசைப்படும் பாடத்தை 41ஆவது விருப்பமாகச் சேர்த்துவிடுங்கள், யாரும் அவ்வளவு கீழே வந்து படிப்பதில்லை. அதை மேலே நகர்த்தும் துணிச்சல் ராத்திரி வந்தாலும், அவசரப்பட்டுத் தனியாக லாகின் செய்யாதீர்கள். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குத்தான் போகும்.