மான் வந்தால் மச்சானைக் கேட்காதீர்கள்

கே: மைசூரிலிருந்து ஊட்டிக்குக் குடும்பத்தோடு காரில் வந்தோம். பந்திப்பூர் தாண்டி முதுமலைக்குள் நுழைந்ததும், பொழுது சாயும் நேரத்தில், ஒரு புள்ளிமான் குறுக்கே ஓடியது. தப்பித்தோம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால், இன்னொன்று வந்து குதித்தது. பிரேக் அடித்து நிறுத்திவிட்டேன். பம்பருக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்திருக்கும். பக்கத்து சீட்டில் இருந்த மச்சான், "ஸ்டியரிங்கை ஒடித்திருக்க வேண்டாமா?" என்று வீடு வந்து சேரும் வரை விடவில்லை. யார் சொல்வது சரி?
— ராயபுரம் வாசகர்

ப: நீங்கள்தான் சரி. மச்சானுக்கு அடுத்த முறை பின் சீட்.

ஒடித்திருந்தால் மான் பிழைத்திருக்கும். அந்தப் பக்கம் மரம், இந்தப் பக்கம் எதிரே வரும் கர்நாடக பஸ். இரண்டில் எதுவும் துள்ளிக் குதித்து வழிவிடாது. அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் வண்டிகள் மான்மீது மோதுகின்றன. நவம்பரில் உச்சம், மான்களுக்கு அது ஜோடி சேரும் பருவம். இத்தனை அனுபவம் உள்ள அந்த ஊர் டிரைவர்களுக்குச் சொல்லித் தருவதும் இதுதான்: ஒடிக்காதே, நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்து. மோதினாலும் தகரம்தான் நசுங்கும். யானைக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதைத் தூரத்தில் பார்த்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும், மச்சான் என்ன சொன்னாலும்.

இரண்டாவது மானுக்கு வருவோம். புள்ளிமான் தனியாக ஊர் சுற்றும் ஜாதி இல்லை. ஒன்று தாண்டினால் புதருக்குள் அதன் சித்தி, பெரியம்மா, பிள்ளைகுட்டி எல்லாம் வரிசையில் நிற்கும். முன்னால் போனதைப் பார்த்ததும் பின்னால் இருப்பது கண்ணை மூடிக்கொண்டு பாயும். அதனால் முதல் மான் போனதும் மிதிக்க வேண்டியது பிரேக்கை.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஸ்பீடு மட்டும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம். 2009 முதல் பந்திப்பூர் வழியாக இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. விலங்குகளைக் காப்பாற்றப் போட்ட தடை, நல்ல தடை. ஆனால் கேட் மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று நாம் பறப்பது எப்போது? மான்கள் புல் தேடி ரோட்டோரம் வருகிற அதே அந்திப் பொழுதில். மைசூர் அரண்மனையில் செல்ஃபி எடுத்த அரை மணி நேரத்தைக் காட்டுக்குள் ஈடுகட்டப் பார்க்கிறோம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகும். மானைப் பார்த்து, "ஐயோ" என்று சொல்லி, கால் பிரேக்குக்கு வருவதற்குள் அந்த 22 மீட்டர் போய்விடும். அதன் பிறகு வண்டி நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். 50-ல் வந்தால் இரண்டும் சேர்த்தே 30 மீட்டருக்குள் முடிந்துவிடும். உங்களுக்குக் கிடைத்த ஒரு முழத்தின் கணக்கு இதுதான்.

கே: ஹெட்லைட் அடித்தால் மான் ஏன் ஓடாமல் சிலை மாதிரி நிற்கிறது?
— தண்டையார்பேட்டை வாசகி

ப: அதற்குக் கண் தெரியவில்லை. மங்கிய வெளிச்சத்தில் மேய்வதற்கென்றே அமைந்த கண் அது. இருட்டில் கண் பாப்பா அகலத் திறந்திருக்கும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போல ஒரு படலம் வேறு, உள்ளே வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்ளும். தூரத்தில் பச்சையாக மின்னுவது அந்தப் படலம்தான். அந்தக் கண்ணில் ஹை பீம் போட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அதற்குப் புரியாது. டிம் பண்ணிவிட்டு நில்லுங்கள், தானாகப் போகும். காட்டுக்குள் ஹார்ன் வேண்டாம்.

கே: பம்பரில் மாட்டிக்கொள்ளும் "மான் விசில்" ஆன்லைனில் விற்கிறார்கள். காற்றுப் பட்டால் ஊதுமாம், மான் ஓடிவிடுமாம். வாங்கலாமா?
— புதுவண்ணாரப்பேட்டை வாசகர்

ப: வெளிநாட்டில் சோதித்துப் பார்த்தவர்களுக்கு மான்கள் அதைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏர் ஹார்ன் காதருகே அலறியும் ஒரு இன்ச் நகராத மனிதர்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்கக் கூடாது.

கே: எங்கள் பக்கம் ஹார்பரும் புகையும்தான். மான் எங்கே வரப்போகிறது? எங்களுக்கு எதற்கு இந்தக் கதை?
— எண்ணூர் வாசகர்

ப: துறைமுகத்துக்கும் மானுக்கும் ஆகாது என்று யார் சொன்னது? திருகோணமலைக்குப் போய்ப் பாருங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து கோணேசுவரம் கோயிலுக்கு ஏறும் வழியெல்லாம் புள்ளிமான்கள். டவுனுக்குள்ளும் வரும், கடை வாசலில் நிற்கும், கையில் என்ன பொட்டலம் என்று எட்டிப் பார்க்கும். அங்கே ஆட்டோக்காரர் மானுக்கு ஒதுங்கிப் போகிறார். பாவம், குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் அது விடுவதில்லை.

சென்னையிலும் மான் உண்டு. வழக்கம் போல எல்லாம் தெற்கே. ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி., கிண்டி தேசியப் பூங்கா. வேலி தாண்டி வெளியே வருகிறவற்றில் சில வண்டியில் அடிபடும், சில தெருநாய்களிடம் மாட்டும். நம் பக்கத்துக்கு இருப்பது திருவொற்றியூரில் சிவன் கையில் இருக்கும் மான் மட்டும்தான். அதையும் அவர் கீழே இறக்கிவிடுவதில்லை. மணலி டேங்கர் லாரிகளைப் பார்த்திருப்பார்.

நமக்கு வாய்த்தது எருமை. 2024 ஜூனில் திருவொற்றியூர் தெருவில் நடந்து போன ஒரு பெண்ணை எருமை முட்டி, கொம்பில் துணி சிக்கி, இழுத்துக்கொண்டே ஓடியதை ஊரே கேமரா பதிவில் பார்த்தது. அதற்குப் பிறகு மாநகராட்சி, மாட்டைத் தெருவில் விட்டால் முதல் முறை 10,000 ரூபாய், மறுமுறை 15,000 என்று அபராதத்தை ஏற்றியது. ராத்திரியில் எருமை மானைவிட மோசம். மானுக்கு வயிறாவது வெளுப்பு. இது தார் ரோட்டின் நிறத்திலேயே, தார் ரோட்டின் மேலேயே படுத்திருக்கும். வாலை ஆட்டினால்தான் உண்டு.

கே: நான் டிரெய்லர் டிரைவர். சும்மா மான், மாடு என்கிறீர்கள். எங்கள் ரூட்டில் ராத்திரி ஆபத்து எது தெரியுமா?
— திருவொற்றியூர் வாசகர்

ப: தெரியும், அண்ணே. நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் டிரெய்லர்.

கோபப்படாதீர்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், பக்கத்திலேயே காட்டுப்பள்ளி என்று மூன்றுக்கும் பெட்டி ஏற்றி இறக்குகிற வண்டிகள் அத்தனையும் இந்த ஒரு பட்டை நிலத்தில்தான் ஓட வேண்டும். கேட்டில் கியூ நகராவிட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? ரோட்டோரம்தான். டயர் நிழலில் ஸ்டவ் வைத்து சாம்பார் கொதிக்கிறதையும், இரண்டு சக்கரத்துக்கு நடுவே லுங்கி கட்டித் தூளி போலத் தூங்குகிறதையும் பார்க்காதவர் இங்கே யார்? குற்றம் உங்கள் ஒருவருடையது இல்லை.

ஆனால் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு இது எதுவும் தெரியாது. டெயில் லைட் எரியாது. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்மேல் நிலக்கரித் தூசி ஒரு கோட்டிங். டிரெய்லரில் பெட்டி இல்லை என்றால் இன்னும் வம்பு: வெறும் இரும்புச் சட்டம், பைக்காரரின் நெஞ்சு உயரத்தில். மான் கடைசி நொடியில் துள்ளிவிடும், இது துள்ளாது. வண்டி பிரேக் டவுன் ஆனால் மரக்கிளை ஒடித்து வைத்து, சுற்றிக் கருங்கல் அடுக்குகிறீர்களே, நல்ல மனசு. வண்டி கிளம்பிய பிறகு கிளை வாடிவிடும், கல் அங்கேயே கிடக்கும். மறுநாள் இரவு பால்காரர் வந்து மோதுவது அந்தக் கல்லில். ஒரு பழந்துணியால் ஸ்டிக்கரைத் துடையுங்கள், கிளம்பும்போது கல்லை ஓரம் தள்ளுங்கள். இரண்டும் சேர்த்து ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது.

கே: அடிபட்டுச் செத்த மானை வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன? வீணாகத்தானே போகப்போகிறது?
— காசிமேடு வாசகர்

ப: மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 39: காட்டு விலங்கு செத்துக் கிடந்தாலும், தவறுதலாகக் கொல்லப்பட்டாலும் அரசாங்கச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸிலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். 48 மணி நேரம் என்பது சமைத்து முடிக்கக் கொடுத்த அவகாசம் இல்லை. வஞ்சிரமே வாங்கிச் செல்லுங்கள். விலை அதிகம்தான், வக்கீல் ஃபீஸைவிடக் குறைவு.

கே: தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருக்கிறேன். மான் மோதி பானெட் நசுங்கினால் பணம் வருமா?
— கொருக்குப்பேட்டை வாசகர்

ப: வராது. தேர்டு பார்ட்டி என்பது நீங்கள் அடுத்தவருக்குச் செய்த சேதத்துக்கு. உங்கள் பானெட்டுக்குப் பணம் வர வேண்டுமானால் சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த பாலிசி வேண்டும்.

அந்த வகையில் மான் கண்ணியமான பிராணி, இடிபட்டாலும் கிளெய்ம் போட வராது. மாடுதான் சிக்கல். நடுரோட்டில் படுத்திருக்கும் வரை அது யாருடைய மாடு என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது, மாநகராட்சி ஆட்கள் வந்து கேட்டால்கூட. லேசாக இடித்துப் பாருங்கள். சந்துக்குள்ளிருந்து ஓனர் வருவார், ஓனரின் தம்பி வருவார், தம்பியின் சிநேகிதர்கள் வருவார்கள். காளையாகவே இருந்தாலும் வேளைக்குப் பத்து லிட்டர் கறந்துகொண்டிருந்தது என்பார்கள்.