இன்னும் 3 கிலோ 400 கிராம்

மதுரைக்காரர்களே, எங்கள் மச்சானுக்கு உதவுங்கள். அவருக்கு அவசரமாக 3 கிலோ 400 கிராம் சதை தேவைப்படுகிறது. பன் பரோட்டா, கறிதோசை, ஜிகர்தண்டா, எந்த ரூபத்தில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். கொழுப்பு எடுக்காத பாலாக இருந்தால் விசேஷம்.

கிண்டல் இல்லை. மச்சானுக்கு ஐம்பது வயது. உயரம் 160 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. முட்டி இரண்டும் போய்விட்டன. கொள்ளுக் கஞ்சி, வெந்தயத் தண்ணீர், விடியற்கால நடை எல்லாம் பார்த்தாயிற்று. பேலியோவில் இறங்கிய பதினோரு கிலோ, பதினாலாகத் திரும்பி வந்தது. கடைசியில் டாக்டர் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்யலாம் என்றார். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக்கிவிடுவார்கள். பசியைக் கிளப்பும் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசியும் அடங்கும், சர்க்கரையும் இறங்கும். ஆனால் ஆயுசுக்கும் சத்து மாத்திரை விழுங்க வேண்டும். எல்லாம் கேட்டுத்தான் மச்சான் தலையாட்டினார்.

செலவு நாலு லட்சம். பதினோரு வருடம் பிரீமியம் கட்டிய பாலிசி இருக்கிற தைரியத்தில் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போனோம். அந்தப் பெண் கால்குலேட்டரைத் தட்டினார்.

"பிஎம்ஐ 32.8 தான் சார் வருது. மினிமம் 35 வேணும்."

"35ன்னா எவ்வளவு எடைம்மா?"

"89.6 சார். அது வந்ததும் வாங்க, அப்ளை பண்ணிப் பார்ப்போம்."

அந்தப் பெண்ணை நொந்து என்ன பயன்? ஒரு கம்பெனியின் குசும்பும் இல்லை இது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் நாடு முழுக்கப் பொதுவாக எழுதிக்கொடுத்த விலக்கு வாசகம். பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். 35 என்றால் கூடவே நாலில் ஒரு நோய் வேண்டும்: இதயத் தசை கெட்டிருக்க வேண்டும், இல்லை இதய ரத்தக் குழாய் அடைத்திருக்க வேண்டும், இல்லை தூக்கத்தில் மூச்சு கடுமையாகத் தடைபட வேண்டும், இல்லை சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்க வேண்டும். கட்டுக்கடங்காமல்! மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, சோற்றைக் குறைத்து, சர்க்கரையை அடக்கி வைத்திருக்கிற உத்தமனுக்கு அந்த வாசல் திறக்காது. முட்டிவலி பட்டியலிலேயே இல்லை. கூரையில் பொறி விழுந்தபோது கூப்பிட்டால் வராமல், உத்தரம் சரிந்த பிறகு மணியடித்துக்கொண்டு வருகிற தீயணைப்பு வண்டி இது.

இந்த 40, 35 எங்கிருந்து வந்தன தெரியுமா? 1991-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டிலிருந்து. அவர்கள் உடம்புக்கு அளவெடுத்த சட்டை. நம் ஆட்களுக்குக் கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. அவர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஆபரேஷனைச் செய்யும் மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமே 2022-இல் எண்ணைக் குறைத்துவிட்டது. ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றது. நம் பாலிசிக் காகிதம் மட்டும் இன்னும் 1991-லேயே குடியிருக்கிறது, வாடகையை நம்மிடம் வசூலித்துக்கொண்டு.

வீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை. "வாயைக் கட்டத் துப்பில்லாதவனுக்கு ஆபரேஷன் ஒரு கேடா?" என்றார் பெரியப்பா. நாற்பது வருடம் பீடி இழுத்து இதயக் குழாயை அடைத்துக்கொண்டவர் அவர். அவருடைய பைபாஸுக்கு ஒரே மதியத்தில் கேஷ்லெஸ் கிடைத்தது. பீடியைக் கட்டத் துப்பில்லையா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் எடை கூடியவர்கள். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வாய்க்கொழுப்பு வந்துவிட்டது போலிருக்கிறது.

டெஸ்க்கிலிருந்து திரும்பிய மச்சான் இன்னும் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார். பன் பரோட்டா யோசனை என்னுடையது, அவர் கேட்கவில்லை. ஆனால் சர்க்கரை ஏறிக்கொண்டே போனதால் போன மாதம் டாக்டர் இன்சுலின் ஆரம்பித்துவிட்டார். இன்சுலின் போட்டால் எடை கூடும். நேற்றுக் காலை மெஷினில் ஏறி நின்றார்: 86 கிலோ 200.