கேட்பியல்: மலை, மோதிரம், முழங்கால் குறித்த ஓர் ஆய்வு

1. நுதலிய பொருள்

தொல்காப்பியத்தில் அதிகாரம் மூன்று. அதிகாரத்துக்கு இயல் ஒன்பது. ஆக 27. பொருளதிகாரத்தில் களவியல் இருக்கிறது. அடுத்தே கற்பியல் இருக்கிறது. களவில் நிற்கும் தலைவன் கற்புக்குள் காலெடுத்து வைக்குமுன், தலைவியிடம் “என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டுமே, அந்த இயல் எங்கே? நடுவில் ஒன்று இருந்தது, கடல் கொண்டது என்பார் ஒரு சாரார். கடல் அன்று, கரையான் என்பார் பிறிதொரு சாரார். அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பாரும் உளர். அவர்களுக்குக் கருத்தரங்க அழைப்பு வருவதில்லை. தொலைந்த அந்த 28ஆம் இயலை மீட்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குக் ‘கேட்பியல்’ என்று நாமே பெயர் சூட்டினோம். பெயர் வைத்துவிட்டால் ஆய்வில் பாதி முடிந்தது என்பது பல்கலைக்கழக மரபு.

ஆய்வுக் களம் எம் மாமா வீடு. ஆய்வுப் பொருள் மாமாவின் மகன், சென்னையில் மென்பொருள் வேலை, இனித் ‘தலைவன்’ எனப்படுவான். பெண் பார்த்தாயிற்று, நிச்சயதார்த்தம் முடிந்தது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பத்திரிகையும் அச்சில் இருக்கிறது. இந்நிலையில் தலைவன், தலைவியிடம் சம்மதம் கேட்கக் கொடைக்கானல் போகிறான். “இனிமே என்னத்தைக் கேக்கப் போறான்?” என்பது முதல்நிலைச் சான்று (மாமா, திண்ணை, வாய்மொழி).

2. நிலமும் பொழுதும்

எங்கே கேட்பது, எப்போது கேட்பது என்பன முதற்பொருள். ஐந்திணைப்படி ஆராய்வோம்.

குறிஞ்சி: இதன் உரிப்பொருள் புணர்தல். ஆகவே கேட்கத் தக்க நிலம் மலையே என்பதில் ஐயமில்லை. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். இதை அப்படியே கடைப்பிடிப்பவன், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், மார்கழிக் குளிரில், நள்ளிரவில் கேட்க வேண்டிவரும். பல் தந்தியடிப்பதால் கேள்வி விளங்காது. இதனினும் கடுமையான பள்ளி ஒன்று உண்டு: குறிஞ்சிப் பூ இல்லாத நிலம் குறிஞ்சியே அன்று என்பது அதன் கொள்கை. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதுவரை தலைவி இருப்பாளா என்பதை அப்பள்ளி ஆராயவில்லை. அது முல்லைத்திணையாரின் பணி என்று விட்டுவிட்டது.

கொடைக்கானலில் எந்த முனை என்பதிலும் சிக்கல். பசுமைப் பள்ளத்தாக்கு என்று இன்று பலகை வைத்திருக்கும் இடத்தின் பழம்பெயர் தற்கொலை முனை. ‘குணா’ படத்துக்குப் பின் குணா குகை ஆன இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் பிசாசின் அடுக்களை. கேள்வி கேட்கப் போகிறவன் பெயர்ப்பலகையைப் படிக்காமலிருப்பது உத்தமம்.

முல்லை: காத்திருக்கும் நிலம். மேலே கூறப்பட்டது.

மருதம்: ஊடல். கல்யாணத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து சேரும். தேடிப் போக வேண்டியதில்லை.

நெய்தல்: உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு. அழுவதற்கென்றே இலக்கணம் வகுத்த நிலமும் நேரமும் இவை. ஆயினும் சென்னைத் தலைவர்கள் மாலை ஐந்தரைக்கு மெரினாவில் கூடுவது ஏன் என்று தெரியவில்லை. மேலும் இங்கே மோதிரம் மணலில் விழும். சுண்டல் விற்கும் சிறுவன் உரிப்பொருளா, கருப்பொருளா என்று வினவின், கருப்பொருள் என்க. ஆனால் வாங்கும்வரை நகரமாட்டான் ஆதலின் உரிப்பொருளைக் கெடுக்க வல்லவன்.

பாலை: பிரிதல், நண்பகல். விமான நிலையம்.

இனி அயல்நிலம். தாஜ்மகாலுக்குப் போகலாம் என்றான் தலைவன். அங்கே அடங்கியிருக்கும் மும்தாஜ், 14ஆம் பிள்ளைப்பேற்றில் 1631இல் இறந்தவர். “கல்யாணம் பேசுற நேரத்துல சமாதிக்கா போவாங்க? அதுவும் பதினாலு பெத்து செத்தவ சமாதிக்கு!” என்று தடை எழுந்தது (அத்தை, சமையலறை வாசல், மாமா உடன்பாடு, தலையசைப்பு). பாரிசு என்றான். அங்கே போந்த் தெ ஆர் பாலத்தில் காதலர்கள் பூட்டு மாட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் எறிந்து வந்தார்கள். 2014 ஜூனில் பாரம் தாங்காமல் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. மறு ஆண்டு நகராட்சி எல்லாவற்றையும் கழற்றியபோது பூட்டுகளின் எடை ஏறக்குறைய 45 டன். உலக வரலாற்றில் காதலை எடைபோட்டுப் பார்த்தவர்கள் அவர்களே. நம்மூரில் எடைபோடுவது நகையை.

3. கையுறை

சங்கத் தலைவன் கையுறையாகக் கொண்டு வந்தது தழை. தோழி அதை வாங்க மாட்டேன் என்பாள். ‘கையுறை மறுத்தல்’ என்று அதற்குத் துறையே உண்டு. மறுத்துவிட்டால் மடலேறுவேன் என்பான். பனங்கருக்கால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, ஊர் நடுவே வந்து நின்றால் பெற்றோர் பெண்ணைத் தந்துவிடுவார்களாம். செலவு குறைவு, காயம் அதிகம்.

வைரம் எப்போது வந்தது? ஆஸ்திரிய இளவரசன் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு 1477இல் வைர மோதிரம் கொடுத்ததை முன்னோடியாகச் சொல்வது வழக்கம். நூலோர் கவனிக்காது விட்டது யாதெனின், அந்தச் சம்பந்தம் மேரியின் தகப்பனார் உயிரோடிருந்தபோதே பேசி வைத்தது. ஆக, காதலின் உச்சம் என்று உலகம் கொண்டாடும் அந்த மோதிரமும் பெரியவர்கள் நிச்சயித்த கல்யாணத்துக்குப் பின்னால் வந்ததுதான். எம் தலைவன் ஐரோப்பிய மரபையும் மீறவில்லை. வைரம் என்றென்றைக்கும் என்று பொருள்படும் விளம்பர வரியை 1947இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதியவர் பிரான்சஸ் ஜெரட்டி. அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. துறைபோகியவர் இயல்பு அது.

எந்த விரல்? நான்காம் விரலிலிருந்து ஒரு நரம்பு நேரே இதயத்துக்குப் போகிறது என்று மேலைநாட்டார் நெடுங்காலம் நம்பினர். எல்லா விரலின் ரத்தமும் இதயத்துக்குத்தான் போகிறது என்று உடற்கூற்றியலார் மறுத்தனர். “அப்போ மெட்டி போடுற விரல்லேர்ந்து எங்க போவுதாம்?” என்பது மூன்றாம் கட்சி (அத்தை, புடைத்துக்கொண்டே, முறச் சத்தத்தில் முதற்பாதி சிதைந்தது, ‘மெட்டி’ என்பதற்கு ‘வெட்டி’ என்பது மாமா கேட்ட பாடம், கொள்ளத்தக்கதன்று). இக்கேள்விக்கு உடற்கூற்றியலார் இதுவரை விடை தரவில்லை.

விலை பற்றிய இயல் சுருங்கியது. ஒரு காரட் வைரம் 0.2 கிராம், ஒரு சவரன் தங்கம் 8 கிராம், ஆக சவரனுக்கு 40 காரட் எடை. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த மாமா, இரவு சாப்பிடவில்லை. வைரம் பதிக்க 22 காரட் தங்கம் இளகல் என்று கடைக்காரர் 18 காரட்டைக் காட்ட, “நாலுல ஒரு பங்கு கலப்படம், அதுக்குச் செய்கூலி, சேதாரம் வேறயா?” என்று அத்தை எழுந்துவிட்டார். விரல் அளவைத் தலைவி அறியாமல் எடுப்பது எப்படி என்று மேலைநூல்கள் பக்கம் பக்கமாகப் பேசும்: தூங்கும்போது நூல் கட்டுக, பழைய மோதிரத்தைத் திருடுக என. எம் களத்தில் இச்சிக்கல் எழவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் செய்த ஆசாரியிடம் அளவு இருந்தது.

4. மறைபொருள்

இவ்வாய்வின் உயிர்நிலை இனித்தான். மோதிரத்தைக் கையில் நீட்டாமல் உணவுக்குள் ஒளித்துக் கொடுக்கும் வழக்கம் எப்போது தோன்றியது?

சாகுந்தலமே மூலம் என்பது எம் துணிபு. வியாச பாரதத்துச் சகுந்தலைக்கு மோதிரமே கிடையாது. அதைச் சேர்த்தவர் காளிதாசர். சேர்த்ததோடு நில்லாமல், அதை ஆற்றில் விழச் செய்து, மீன் வயிற்றுக்குள் வைத்தார். மீன் உணவு, மோதிரம் அதனுள். ஆகவே உலகின் முதல் உணவு மறைப்பு இதுவே. இதற்கு மூன்று தடைகள். ஒன்று, துஷ்யந்தன் திட்டமிடவில்லை. விடை: திட்டமிட்டவர்களுக்கும் இப்படித்தான் முடிகிறது. இரண்டு, மீனைத் தின்னப் போனவள் சகுந்தலை அல்லள். விடை: கேக்கிலும் மோதிரம் பெரும்பாலும் பக்கத்து மேசைக்குப் போகும். மூன்று, மீன் சமைக்கப்படவில்லை. இத்தடை வலியது. விடை பின்வரும் பதிப்பில் காண்க.

மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவனைக் காவலர்கள் திருடன் என்று பிடித்துப் போனார்கள் என்பது அந்நாடகத்துச் செய்தி. இதிலிருந்து பெறப்படும் விதி: மறைத்தவன் காதலன்; எடுத்தவன் கள்வன். உணவு விடுதிப் பரிமாறுநர்கள் இவ்விதியை அறிந்து நடக்க.

இனி, எந்தப் பண்டம்? கேக் பள்ளியினர் அயலார், விடுக. ஐஸ்கிரீம் பள்ளியினர் பல்வலிக்காரர்; அவரையும் விடுக. நம்மவருள் பிரியாணிப் பள்ளி பெரிது. ஆயின் தமிழன் நாக்கு ஆயிரம் ஏலக்காய் கண்டது. பல்லில் கடினமாக ஒன்று இடறினால் ஆராயாது; கன்னத்துக்கு ஒதுக்கி, இலை ஓரத்தில் வைத்துவிடும். கறிவேப்பிலை, கிராம்பு, பட்டை, மோதிரம் என்ற வரிசையில் எல்லாம் இலைக்குள் மடிக்கப்பட்டுக் குப்பைக்குப் போகும்.

பாயசப் பள்ளியினர், முந்திரிக்கு நடுவே மோதிரம் தெரியாது என்பர். மெய்யே. ஆனால் அண்டாவில் போட்டது எந்தக் கரண்டியில் ஏறும், எந்த டம்ளரில் இறங்கும் என்பதை வகுக்கும் இலக்கணம் இல்லை. அது பெரியப்பா டம்ளரில்தான் இறங்கும் (அத்தை, பந்தி மரபு, இரண்டாம் பந்தி, ஒப்பு: சமையல்காரர், தூக்கிய கரண்டியை நிறுத்திச் சொல்லாமல் சொன்னது, எதிர்: மாமா, மூன்றாம் டம்ளர் கையிலிருந்ததால் சார்பற்றவர் எனக் கொள்ள இயலாது, இரு கூற்றையும் ஒருங்கே பதிப்பித்தது அடுத்த வீட்டு ஜன்னல், நாள் குறிக்கப்படவில்லை, அட்டை கிழிந்தது).

இட்டிலி: மாவில் போட்டு அவித்தால் எந்தக் குழி என்பது அடையாளம் தெரியவேண்டும். குங்குமம் வைக்கலாம் என்றார் மாமா. குங்குமம் வைத்த இட்டிலியை யார் தின்பது என்ற வினாவோடு அப்பள்ளி கலைந்தது.

ஆகவே எஞ்சுவது கொழுக்கட்டை. பிறவியிலேயே உள்ளொன்று வைத்துப் புறமொன்று மூடிய பண்டம் இது. பூரணத்துக்கென ஒதுக்கிய இடத்தில் மோதிரம் இயல்பாக அமரும்; ஒவ்வொன்றும் தனித்தனி ஆதலின் இடம் மாறாது; கையால் பிட்டுத் தின்பதால் பல்லுக்கும் சேதமில்லை. இம்முடிவை எட்டியபோது களத்தில் கைதட்டல் எழுந்தது. அப்போது ஒரு தடை: “முதல் கொழுக்கட்டை பிள்ளையாருக்கு” (அத்தை, பூஜை அறை, திருத்தம் இல்லை, மேல்முறையீடு இல்லை, இக்கூற்றுக்கு உரை எழுத முயன்ற மாமா, முதல் சூத்திரத்திலேயே நிறுத்தப்பட்டார், அவர் விட்ட பெருமூச்சு மட்டும் துண்டு ஏடாகக் கிடைக்கிறது). பிரம்மச்சாரிக்கு மோதிரம் நீட்டிய பழி தலைவனுக்கு வருமாதலின், இப்பள்ளியும் கைவிடப்பட்டது.

விழுங்கிவிட்டால்? எக்ஸ்ரேயில் தங்கம் பளிச்சென்று தெரியும். அசல் வைரத்தை எக்ஸ்ரே ஊடுருவிச் சென்றுவிடும், ஆகவே அது அநேகமாகத் தெரியாது; அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கும் ஸிர்கோனியாக் கல்லோ நன்றாகத் தெரியும். எனவே, விழுங்கிய மோதிரத்தில் தங்கமும் கல்லும் சேர்ந்து தெரிந்தால் தலைவன் ஏமாற்றுக்காரன். தங்கம் மட்டும் தெரிந்தால் உத்தமன். மோதிரத்தின் தரத்தையும் மாப்பிள்ளையின் குணத்தையும் ஒரே படத்தில் சொல்லும் இச்சோதனையை நிச்சயதார்த்தச் சடங்காகவே சேர்க்கலாம்.

5. முழங்கால்

இடதா, வலதா என்பதில் நூல்கள் முரண்படுகின்றன. மாமாவுக்கு இரண்டும் வலிக்கிறது.

6. முடிபு

தலைவன் கொடைக்கானல் சென்று வந்தான். சங்கத் தலைவனுக்குப் பாங்கன் உதவியது போல இவனுக்குப் புகைப்படக்காரர் உதவினார். புதருக்குப் பின்னால் ஒருவர், தலைக்கு மேலே ஹெலிகேம். என்ன நிறத்தில் உடுத்தினால் பள்ளத்தாக்குக்கு எடுப்பாயிருக்கும் என்பது தலைவிக்கு முன்னரே சொல்லப்பட்டது. எந்த இடத்தில் வாயைப் பொத்தி வியக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட்டது. முதல்முறை மேகம் வந்து மறைத்தது. மறுபடி கேட்டான், மறுபடி சம்மதித்தாள். இம்முறை பின்னால் சோளம் விற்பவர் படத்துக்குள் வந்துவிட்டார். மூன்றாவதில் சரியாக அமைந்தது.

விடை கையில் இருக்கும்போது கேள்வியை மலையுச்சிக்கு ஏற்றிக் கேட்பானேன் என்று சிலர் நகைக்கலாம். முனைவர் பட்டம் பெற்றோர் நகையார். முடிவுரையை நெறியாளர் சொன்னபடி முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற கருதுகோளைப் பின்னர் தேடி, ‘இக்கேள்விக்கு விடை காண்பதே நோக்கம்’ என்று முதற்பக்கத்தில் பணிவோடு மண்டியிடுவது நெடுநாள் வழக்கு. இறையனார் களவியலுக்கு உரை சொன்னபோது, வாய் பேசாத உருத்திரசன்மனை நடுவனாக அமர்த்தி, அவன் கண்ணீர் விட்ட உரையே மெய்யுரை என்று கொண்டார்கள் என்பது மரபு. இன்றைய வாய்மொழித் தேர்வில் கண்ணீர் விடுவது நடுவர் அல்லர். மதிய விருந்துக்குப் பணம் கட்டிய மாணவர்.

மேலாய்வுக்கு உரியன: தலைவி தலைவனைக் கேட்டால் முழங்காலிடுவது யார், மூன்றுமுறை சம்மதித்தவளுக்கு மோதிரம் எத்தனை, மூன்றாம் முறை ‘மாட்டேன்’ என்றிருந்தால் மண்டப அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா. கடைசி வினாவுக்குத் தரவு இல்லை. தரவு தர யாரும் முன்வர வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொள்கிறார்.