பன்னெண்டாவது எபிசோடு வரைக்கும் பொறுங்கண்ணா

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "பொழுதே போக மாட்டேங்குது" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், நாலு ஆள் தள்ளி உட்கார்ந்திருக்கும் தம்பி ஒருவன் காதிலிருந்து ஒயரைக் கழற்றுவான். டம்ளரோடு நகர்ந்து உங்கள் பக்கத்தில் வருவான். "ஏனுங்கண்ணா, அனிமே பார்ப்பீங்களா?"

இல்லை என்றால் மாட்டிக்கொண்டீர்கள். ஆமாம் என்றால் இன்னும் மோசம். "என்னென்ன பார்த்தீங்க?" என்பான். 'டெத் நோட்' என்று சொன்னால் வாயைக் கோணிக்கொண்டு, "ஆரம்பத்துல எல்லாரும் அதுதானுங்க" என்பான். 'நருட்டோ' என்றால், ஆளைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை முகத்தில் தெரியும். 'டோரேமான்' என்றால் எழுந்து போய்விடுவான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அதுதான் பிடிக்கும். கெடாத மனசு.

அவனுக்குப் பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் வேலை. இப்போது பையன்கள் எல்லாரும் போடுகிறார்களே, தோள் இறங்கித் தொளதொளவென்று 240 ஜிஎஸ்எம் டீ-ஷர்ட், முதுகு நிறைய ஜப்பான் பொம்மை? அந்தப் படத்தைக் கலர் கலராகப் பிரித்து ஃபிலிம் எடுத்துக் கொடுப்பவன் அவன். ஒருநாள் ராத்திரி ஷிஃப்டில் யாரோ ஃபிலிமைத் திருப்பி வைத்து ஸ்கிரீன் எக்ஸ்போஸ் பண்ணிவிட்டார்கள். எழுத்தே இல்லாத டிசைன், அதனால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. காலையில் வந்து பார்த்தவன் அலறினான். "ஜோரோவுக்குத் தழும்பு இடது கண்ணுலங்க! கத்தி வலது இடுப்புலங்க!" சூப்பர்வைசர் ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "கத்தி மூணும் இருக்குதல்ல? தைக்க அனுப்பு."

அன்றைக்கு அவன் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. ஜோரோ வருகிற 'ஒன் பீஸ்' 1999-ல் டிவியில் ஆரம்பித்து ஆயிரத்து நூறு எபிசோடைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை வருசம் கூட வந்தவனுக்கு இந்த ஊரில் இவ்வளவுதான் மரியாதை.

ஆனால் அவன் சிபாரிசு செய்வது ஜோரோவை அல்ல. அடிதடியெல்லாம் அவனுக்குச் சின்னப் பிள்ளை விவகாரம். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்தபோது கூட்டத்தைப் பார்த்து அவனுக்குச் சந்தோசமும் வந்தது, கூடவே சொத்து பங்கு பிரிந்த வருத்தமும் வந்தது. அவன் கட்சி வேறு. "மனுசன் மெதுவா மாறோணுமுங்க. மூணாவது எபிசோடுல கெட்டவன், நாலாவதுல நல்லவன்னா நம்ப முடியுமா? அந்த ஊர்ல என்ன சாப்படறான், காசு எப்படிப் புழங்குது, எந்தச் சாமி கும்படறான், வரி யாருக்குக் கட்டறான், எல்லாம் தெரியோணும். உலகத்தை மொதல்ல கட்டோணும். சண்டை தானா வரும்."

இதைச் சொல்கிறவன் அவிநாசி ரோட்டு நெரிசலில் ரெண்டு நிமிசம் நிற்க மாட்டான். பிளாட்பாரத்தில் வண்டியை ஏற்றி, பூக்கடைக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் நுழைந்து போவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஷிப்மெண்ட் தேதி வைத்துத்தான் இங்கே கல்யாணத் தேதியே குறிக்கிறார்கள். சாம்பிள் நேற்றே போயிருக்க வேண்டும், துணி முந்தாநாளே வந்திருக்க வேண்டும், சனிக்கிழமை சம்பளம் மட்டும் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் நிதானத்தைப் பிரசாரம் செய்தால் அவனுக்கு அதில் எவ்வளவு பசி இருக்க வேண்டும்!

சிபாரிசு செய்யும் முறையில் அவன் ஒரு நாட்டு வைத்தியர். ஆளைப் பார்த்துத்தான் மருந்து. கூடவே பத்தியம் உண்டு. டப்பிங் ஆகாது. சப்டைட்டிலோடுதான் பார்க்க வேண்டும். பார்க்கும்போது கையில் இன்னொரு போன் இருக்கக் கூடாது. ஆரம்பப் பாட்டைத் தள்ளிவிடக் கூடாது. முக்கியமாக, "எப்பங்க சூடு பிடிக்கும்?" என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி கேட்டால் முகம் சுண்டிவிடும். கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பன்னெண்டாவது எபிசோடு வரைக்கும் பொறுங்கண்ணா" என்பான். மொத்தமே பன்னிரண்டு எபிசோடுள்ள தொடருக்கும் இதே பதில்தான்.

ஜாப் ஒர்க் முதலாளிக்கு அவன் எழுதிக்கொடுத்த மருந்து, 2008-ல் வந்த 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்'. வண்டியில் ஊர் ஊராகப் போகும் வியாபாரி லாரன்ஸ், வண்டியில் ஏறிக்கொள்ளும் ஓநாய்த் தெய்வம் ஹோலோ. கதையின் முதல் பெரிய முடிச்சே, ஒரு வெள்ளிக் காசில் வெள்ளி கூடப்போகிறதா குறையப்போகிறதா என்பதுதான். காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் டாலர் ரேட்டைப் பார்க்கிற முதலாளிக்கு இது புரியாமல் இருக்குமா? உட்கார்ந்து பார்த்தார். விலங்குத் தோலோடு ஆப்பிளை வைத்து வாசம் ஏற்றி ஹோலோ கூடுதல் விலைக்கு விற்கும் இடத்தில் நிறுத்தினார். "இது சாம்பிளுக்கு ஒரு துணி, ஷிப்மெண்டுக்கு ஒரு துணிங்கற கதையல்ல? அந்தம்மாவுக்கு அடுத்த ஆர்டர் வந்துதா?" தம்பிக்குப் பதில் தெரியவில்லை. ஹோலோவின் தனிமையைப் பற்றித்தான் அவன் தயார் பண்ணி வைத்திருந்தான்.

கட்டிங் மாஸ்டர் மூலனூர்ப் பக்கம் மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு வந்தவர். அவருக்கு 'வின்லாண்ட் சாகா', அதிலும் 2023-ல் வந்த ரெண்டாவது சீசன். பழிவாங்கத் துடித்த தோர்ஃபின் அடிமையாகி, ஒரு பண்ணையில் காட்டைத் திருத்தி வயலாக்குகிற கதை. "வாளை எடுக்கவே மாட்டான். அதனால நிறையப் பேரு பாதியில விட்டுட்டாங்க. நீங்க விடக் கூடாதுங்க" என்று தம்பி கெஞ்சினான். மாஸ்டர் விடவில்லை. ஒரே மூச்சாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அந்த வேர்க்கட்டை புடுங்கறாங்க பாரு, அது நெசம். மனுசக் கையால ஆவாதுன்னு தெரிஞ்சு குதிரைக்கு அலையறாங்க பாரு, அதுவும் நெசம். படம் வரைஞ்சவன் காட்டு வேலை பார்த்தவன்கிட்டக் கேட்டிருக்கான்." தோர்ஃபினின் மன மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேர்க்கட்டை பாஸ்.

டையிங் மாஸ்டரிடம்தான் அவன் சரியாக மாட்டினான். மியாசாகியின் 'நௌசிகா', 1984. மனிதர்கள் கெடுத்த பூமி, விசம் கக்கும் காடு. கடைசியில் பார்த்தால் அந்தக் காடே மண்ணின் விசத்தை உறிஞ்சிக்கொண்டு, அடியில் சுத்தமான தண்ணீரையும் மணலையும் விட்டுக்கொண்டிருக்கிறது. தம்பி அந்த இடத்தில் அழுதிருக்கிறான். டையிங் மாஸ்டர் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர். அதற்குப் பிறகு சொட்டுக் கழிவு வெளியே போகாத பிளான்டில் வேலை பார்ப்பவர். படம் முடியும்வரை அசையாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "தண்ணி சுத்தமாயிருச்சு, சரி. ரிஜெக்ட் எங்க போகுது?"

"அதுங்க… மரத்துக்குள்ள…"

"மரம் அவிஞ்சு விழுந்தா உப்பு எங்க போகும்? அதை எவன் அள்ளுவான்?"

தம்பி ரெண்டு நாள் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

இந்த ஊருக்குப் பொறுமை இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பொறுமையெல்லாம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரு பனியன் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று கை மாறிக் கை மாறிப் போகிற ஊர் இது. எதைக் கையில் கொடுத்தாலும் இங்குள்ளவன் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பான். கற்பனை உலகத்தைக் கொடுத்தாலும் அதையேதான் செய்வான்: இதை யார் செய்தது, கூலி யார் கொடுத்தது, கழிவு எங்கே போனது? உலகத்தைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று தம்பி ஊதி ஊதிச் சொல்வதும் இதைத்தான். அவன் ரசிகனாகச் சொன்னான், இவர்கள் செக்கிங் ஆளாகக் கேட்டார்கள்.

வீட்டிலும் அவனுக்கு நிம்மதி இல்லை. அம்மாவுக்கு 'ஃப்ரீரன்' போட்டுக் காட்டினான். 2023 செப்டம்பரில் தொடங்கியது, முதல் சீசன் 28 எபிசோடு. அரக்க ராஜாவைக் கொன்று முடித்த பிறகுதான் கதையே தொடங்கும். ஆயிரம் வருசத்துக்கு மேல் வாழ்கிற ஃப்ரீரனுக்குக் கூட்டாளிகளோடு சுற்றிய பத்து வருசம் ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் அந்தக் கூட்டாளிகளில் ஒருவனான ஹிம்மெல் கிழவனாகிச் செத்துப்போகிறான். அடக்கத்தின்போது, இந்த ஆளைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளவே இல்லையே என்று அவள் அழுகிறாள். இதன் ஆழத்தை அம்மாவுக்கு விளக்க அவன் இருபது நிமிச உரை தயாராக வைத்திருந்தான். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னார்: "செத்த பொறவு அழுது என்ன பண்றது? இருக்கறப்ப ரெண்டு வார்த்தை பேசியிருக்கோணும்." உரை மடித்து உள்ளே போய்விட்டது. 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' தொடரை ஆயிரத்து ஐந்நூறு எபிசோடுக்கு மேல் பார்த்தவரிடம் நிதானத்தைப் பற்றிப் பேசப் போனது அவன் தப்பு.

பெண் பார்க்கப் போன கதை தனி. தனியாகப் பேச அஞ்சு நிமிசம் விட்டார்கள். 'லெஜண்ட் ஆஃப் த கலாக்டிக் ஹீரோஸ்' பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டான். அது அவன் வைத்திருக்கும் கடைசிப் பரீட்சை; ரெண்டு பெரிய அரசுகள், நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், 110 எபிசோடு. அந்தப் பெண் மெர்ச்சண்டைசர். நிமிர்ந்து பார்த்து, "1988-ல ஆரம்பிச்சதா, 2018-ல திரும்ப எடுத்ததா?" என்று கேட்டாள். தம்பிக்கு அங்கேயே மாலை மாற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. "பழசுதானுங்க! அறுபது நாள்ல முடிச்சேன். ஒன்றரை ஸ்பீடுல!" என்று பெருமை தாங்காமல் சொல்லிவிட்டான். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துப் பழகின உடம்பு, வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியாக அவன் போய் நின்ற இடம் பாத்திரப் பட்டறை. வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பர்பாளையமும் ஒரு பனியன் ஊர். உள்ளூரில் கேட்டால் பித்தளையும் செம்பும் எவர்சில்வரும்தான் பழைய அடையாளம். பட்டறை மாமாவுக்கு உலோகம் சம்பந்தமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' எடுத்துக்கொண்டு போனான். 2009-ல் தொடங்கியது, 64 எபிசோடு.

"இதுல ஒரு சட்டம் இருக்குதுங்க மாமா. ஒண்ணு வேணும்னா அதுக்குச் சமமா ஒண்ணு குடுக்கோணும். கையைத் தட்டித் தரையில வெச்சா இரும்பு ஈட்டியாயிரும்."

மாமா சுத்தியலைக் கீழே வைத்தார். "பழைய பித்தளையைக் குடுத்துப் புதுசு வாங்கினா எந்தக் கடையில கண்ணு சரிக்குச் சரி குடுக்கறான்? சேதாரம் கழிக்க மாட்டானா?"

"செத்துப்போன அம்மாவை உசுப்பப் போயி, அண்ணனுக்குக் காலும் கையும் போயிருமுங்க. தம்பிக்கு உடம்பே போயிரும்."

"அதுதான் சேதாரம். அப்ப செய்கூலி?"

தம்பி முழித்தான். மாமா பேரம் பேசினார். "நீ சொல்றதை நான் பார்க்கறேன். நான் சொல்றதை நீ கேக்கோணும். அண்ணமார் கதை கேட்டிருக்கியா?"

அண்ணமார் என்கிற பொன்னர் சங்கர் என்றால் அவனுக்குச் சினிமா மட்டும்தான் தெரியும். உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிற கதை என்று மாமா சொன்னதும் போனில் தேடினான். பிரெண்டா பெக் என்ற கனடா மானுடவியல்காரர் 1965-ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் உட்கார்ந்து அந்தக் கதை முழுவதையும் டேப்பில் பதிவு செய்திருக்கிறார். பின்னால் அதை அனிமேஷனாகவும் எடுத்திருக்கிறார். 26 எபிசோடு! 'முஷிஷி' அனிமேயின் முதல் சீசனும் 26 என்று தம்பி புல்லரித்துப்போனான். வறண்ட நிலத்தைத் திருத்தும் தாத்தா, உழவர்களுக்கும் வேட்டுவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை, வரம் வாங்கித் திரும்பும் அம்மா தாமரை, நடக்கப்போவது முன்கூட்டியே தெரிகிற தங்கை. அவன் கேட்ட உலகம் அவன் மாவட்டத்திலேயே கட்டி முடித்துக் கிடந்தது.

"சரிங்க மாமா, எத்தனாவது ராத்திரி சூடு பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு, தன் வாயிலா இது வந்தது என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மொதல்ல பொன்னரும் சங்கரும் பொறக்கோணுமல்ல? அதுக்கு மிந்தி தாத்தன் கதை, அப்பன் கதை எல்லாம் இருக்குது. தாண்டிப் போகப்படாது."

பேச்சு மாறாமல் ரெண்டு பேரும் பார்த்தார்கள். தம்பி இப்போது டீக்கடையில், "மூணு தலைமுறைக் கதைங்கண்ணா, ஹீரோ பொறக்கவே பாதிக் கதை ஆகும்" என்று புது மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறான். மாமா 64 எபிசோடையும் பாலிஷ் போடும் நேரம் போக மிச்ச நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"கடைசி எபிசோடுல அந்தத் தம்பிக்காரன் என்ன சொல்றான்? பத்து வாங்கினா, நம்ம கையில இருந்து ஒண்ணு சேர்த்து அடுத்தவனுக்குப் பதினொண்ணாக் குடுக்கோணும்ங்கறான். அந்த ஒண்ணுதான் கண்ணு செய்கூலி. நான் அன்னிக்கே கேட்டனல்ல?"

"ஆமாங்க மாமா."

"இதை மொத எபிசோடுலயே சொல்லியிருந்தா 63 மிச்சம்."