ஓதாக் காலம்: கும்மிடிப்பூண்டி வட்டாரத்து ஸ்டடி லீவு பற்றி ஓர் ஆராய்ச்சி

'ஸ்டடி லீவு' என்பது இருசொல் தொடர். முதற்சொல்லைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது, இரண்டாவதை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் இரு தரப்புக்கும் மனக்குறை இல்லாததாலோ என்னவோ, இத்தொடரின் இலக்கணத்தை இதுவரை எவரும் துருவிப் பார்க்கவில்லை. நான்காம் வேற்றுமையை விரித்துப் 'படிப்புக்கு லீவு' என்று சொல்லிவிட்டு, ஆகவே படிக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறார்கள் பெற்றோர். இங்கேதான் வழுக்குகிறது. ஸ்கூலுக்கு லீவு என்றால் ஸ்கூல் கிடையாது. கம்பெனிக்கு லீவு என்றால் கம்பெனி கிடையாது. படிப்புக்கு லீவு என்றால் மட்டும் படிப்பு உண்டு என்று எந்தச் சூத்திரத்தால் பொருள் கொள்வது? உருபு நான்காவதாக இருக்கலாம். பொருளோ ஐந்தாம் வேற்றுமைக்குரிய நீங்கற்பொருள். மலையிலிருந்து அருவி வீழ்வதுபோல் படிப்பிலிருந்து மாணவன் நீங்குகிறான். இந்த நீக்கம் சோம்பலால் நேர்வது என்பது பொதுக்கருத்து. அற்றன்று. அது ஒரு விரதம், அதற்கு விதியும் காலமும் முடிப்பும் உண்டு என்று நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை.

ஆய்வுக்களமாகத் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டு, பின்னர் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்த பிறகு, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வரிசையில் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாட்காட்டிகள் தொங்கத் தொடங்கின. ஒன்றில் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட். மற்றொன்றில் யூனிட் 1 முதல் யூனிட் 5 வரை. தகப்பனார் ரோலிங் மில்லில், பிள்ளை பொறியியல் கல்லூரியிலோ பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கலைக் கல்லூரியிலோ. கருவியோடு பிழைக்கும் மனிதரும் புத்தகத்தோடு பிழைக்கப்போகும் மனிதரும் ஒரே மின்விசிறிக்கு அடியில் படுத்திருக்கும் இடம் இது. விடுமுறை என்ற சொல்லுக்கு இங்கே உரசல் அதிகம். உரசல் இருக்கும் இடத்தில்தான் பொருள் தெளியும்.

முதற்சான்று ஆயுத பூஜை. அன்றைக்கு இப்பகுதியில் லேத் மெஷினுக்குச் சந்தனம், கிரைண்டிங் வீலுக்குக் குங்குமம், ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று. கேட்டுக்கு முன்னால் பூசணிக்காய் உடைகிறது; பொரியும் கடலையும் பொட்டலமாகக் கைமாறுகின்றன. பூஜை போட்ட கருவியை அன்று யாரும் தொட்டு வேலை செய்வதில்லை. அதே நாளில் வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்தி, பூ வைத்தாயிற்று என்றால் அவற்றைத் திறக்கக் கூடாது. கல்விக்கு அதிதேவதையாகிய ஒருத்திக்கு நாம் ஆண்டுதோறும் செலுத்தும் மிகப் பெரிய மரியாதை, அன்று படிக்காமல் இருப்பது. இதை எந்த ஆசிரியரும் கண்டித்ததில்லை, எந்தத் தாயும் தடுத்ததில்லை. ஆக, படிக்காமையும் புத்தகத்துக்குச் செய்யும் வழிபாடாகலாம் என்ற கொள்கை நம் வீடுகளில் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. எத்தனை நாள் என்பதில் மட்டுமே வழக்கு.

நாள் கணக்குக்கும் ஆதாரம் உண்டு. வேதம் ஓதுவோருக்கு அனத்தியயன நாட்கள் என்று சில விலக்கப்பட்டிருந்தன: அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி முதலியன. பிரதமையில் படித்தவனின் கல்வி மெலியும் என்பது எவ்வளவு ஊறிய நம்பிக்கை என்றால், அசோகவனத்தில் மெலிந்த சீதைக்கு அதையே உவமையாக்குகிறார் வான்மீகி. இடி இடித்தாலும் மழை கொட்டினாலும் ஓதுவதை நிறுத்தச் சொல்கிறது மனுநூல். (இன்று கும்மிடிப்பூண்டித் தேர்வுக்கூடங்களில் உட்காரும் பெரும்பாலோரை எந்த நாளிலும் படிக்கச் சொன்னவரல்ல மனு. ஆகவே அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினாலும் மழை விஷயத்தோடு இறக்கிவிடுவதே நல்லது.) வைணவ மரபிலோ திருக்கார்த்திகைக்குப் பின் அத்யயன உற்சவம் நிறைவுறும் வரை திவ்யப் பிரபந்தம் ஓதாக் காலம், மார்கழித் திருப்பாவை போன்ற விலக்குகள் தனி. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. அந்த ஊரின் பெயரையே தாங்கிய மாவட்டத்தில், பல்கலைக்கழகத்தின் நவம்பர்–டிசம்பர் செமஸ்டர் தேர்வு எந்தக் காலத்தில் விழுகிறது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்க்கவும். பல ஆண்டுகளில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கோயிலில் நாலாயிரம் ஓயும் பருவத்தில், ஸ்டூலின் மேல் தெர்மோடைனமிக்ஸ் ஓய்கிறது.

மழை விலக்கும் ஒழிந்துவிடவில்லை, அதிகாரம்தான் கைமாறியது. முன்பு இடி சொன்னதை இப்போது கலெக்டர் சொல்கிறார். 1997 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்ததால் திருவள்ளூருக்குக் கிடைத்த நன்மைகளில், மழை லீவு விட ஒரு தனி ஆட்சியர் கிடைத்ததை மாணவ சமுதாயம் முதலிடத்தில் வைக்கும் என்று துணிந்து சொல்லலாம். வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவானதும் வாலிபர்களின் பக்தி உருவாகிவிடுகிறது. செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளில் 'சென்னை, திருவள்ளூர்' என்ற இரண்டு சொற்கள் வரும்வரை அவர்கள் கண்ணிமைப்பதில்லை. அந்த ஒருமுகப்பாட்டில் பாதி பாடத்தின்மேல் இருந்திருந்தால் என்று பெருமூச்சு விடுவோர், விரதத்தின் நோக்கத்தையே புரிந்துகொள்ளாதவர்கள்.

இனி அனுஷ்டானத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஸ்டடி லீவு தொடங்கிய முதல் நாள் மேசை துடைக்கப்படும். மேசை இல்லாத வீட்டில் ஸ்டூல். அடியில் லோக்கல் ஆத்தர் புத்தகம், அதன்மேல் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் நோட்ஸ், அதன்மேல் ஸ்கேலும் மஞ்சள் ஹைலைட்டரும், எல்லாவற்றுக்கும் மேல் செல்போன். மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை, உற்சவர் மட்டும் நாளெல்லாம் வீதியுலா போகிறார். ஏ4 தாளில் இரண்டு வண்ண ஸ்கெட்ச்சில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டுவது அடுத்த சடங்கு. காலை 6 மணி: யூனிட் 1. இதைப் பொய்த் திட்டம் என்பது தவறு. சங்கல்பம் என்பதே சரி. இன்ன தேசத்தில், இன்ன காலத்தில், இன்னதைச் செய்வேன் என்று உரக்கச் சொல்லிவிட்டால் செயலில் ஒரு பங்கு முடிந்துவிட்டது என்பது நம் புரோகித மரபு. பிறகு வினைச்சொல்லைக் கவனியுங்கள். எத்தனை யூனிட் ஆச்சு என்று கேட்டால், மாணவன் 'படிச்சேன்' என்று சொல்வது அரிது. 'மூணு யூனிட் பாத்துட்டேன்' என்பான். சிறுவாபுரி முருகனைப் பாத்துட்டேன், பெருமாளைப் பாத்துட்டேன் என்னும் அதே 'பார்'. இது தரிசனத்துக்குரிய வினை. கற்றல் என்ற பொருள் இதற்கு எந்த நிகண்டிலும் கிடையாது. நூல் காட்சி தந்தது, மாணவன் கண்டான், அர்ச்சனைச் சீட்டுப்போல் ஹைலைட்டரால் ஒரு கோடு போட்டான், அடுத்த சன்னிதிக்கு நகர்ந்தான்.

இதற்கு வரும் தடைகளில் வலுவானது ஆலையிலிருந்து வருவது. 'மெஷினுக்கே வருஷத்துல ஒரு நாள்தான் பூஜை, உனக்கு என்னடா பத்து நாள்?' என்று தகப்பனார் கேட்கிறார். மூன்று ஷிஃப்ட் ஓடிய இயந்திரம் ஓய்வதில் நியாயம் உண்டு, செமஸ்டர் முழுவதும் ஓடாத புத்தகத்துக்கு என்ன களைப்பு என்பது இதன் உட்கிடை. உண்மையில் கூர்மையான கேள்விதான்; சில இரவுகள் இந்த ஆராய்ச்சியே அதன் முன் தடுமாறியது. விடை வருமாறு. பூஜை என்பது ஓவர்டைம் கூலி அன்று, உழைத்த அளவுக்கு அளந்து போடுவதற்கு. பழுதாகி மூலையில் கிடக்கும் மோட்டாருக்கும் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கிறார்கள். ஓடிய மணிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. மேலும் ஆலையிலேயே ஆண்டுப் பராமரிப்புக்கு ஷட்டவுன் என்று ஒன்று உண்டு. அந்நாட்களில் ஒரு கிலோ கம்பியும் வெளியே வராது, ஆனால் எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க நாலு கடை ஏறி இறங்கும் மாணவனையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முஸ்லிம், கிறிஸ்தவ மாணவர்களும் இவ்விதமே நடந்துகொள்கிறார்களே, அவர்களுக்கு ஏது சரஸ்வதி பூஜை என்பாரும் உளர். ஆலைக் கேட்டில் பொரி வாங்கும் கைகளைப் பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. ஏப்ரல்–மே தேர்வுக்கு ஓதாக் காலம் எங்கே என்பார்க்கு, அக்னி நட்சத்திரம் என்று ஒரு விடையும், 2008 முதல் பெரும்பாலும் அதே பருவத்தில் நடந்துவரும் ஐ.பி.எல். என்று ஒரு விடையும் போதும்.

லீவில் உண்மையாகவே படிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்பது அடுத்த தடை. இருக்கிறார்கள், அவர்களில் பெண்கள் மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். மகன் ஸ்டடி லீவில் இருந்தால் 'அவன் படிக்கிறான், கடைக்கு அனுப்பாதீங்க' என்று வீடு காவல் நிற்கிறது. அதே லீவில் உள்ள மகளிடம், 'சும்மாதானே உக்காந்திருக்க, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு' என்கிறது. விரதம் இப்படி விசிலுக்கு விசில் கலைக்கப்படுவதால், அந்த இடுக்குகளில் படிப்பு கசிந்து உள்ளே போய்விடுகிறது. பிளஸ் டூ முடிவுகளில் ஆண்டுதோறும் மாணவியர் விழுக்காடு முந்துவதற்கு வேறு பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, குக்கரை யாரும் சொல்வதில்லை. மகனை நாலு நாள் ரேஷன் கடை வரிசையில் நிறுத்திப் பார்க்க எந்த வீடும் முன்வராததால், சோதனையை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்ய முடியவில்லை. காலை மின்சார ரயிலில் மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடையில் உதடு அசையப் புத்தகம் பிடித்திருப்பவர்களையும் சிலர் காட்டுவார்கள். அது பாராயணம். பொருள் கேட்டால் இறங்கிவிடுவார்கள்.

அப்படியானால் எப்படித் தேறுகிறார்கள்? பூஜைக்கு மறுநாள் விஜயதசமி என்பதை மறந்தவர்களே இப்படிக் கேட்பார்கள். அன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுதவைக்கிறோம். தேர்வுக்கு முந்தின இரவு நடப்பதும் அதுவே. பாடத்தின் முழுப்பெயரையும் குறியீட்டு எண்ணையும் மாணவன் முதன்முதலாகத் தெரிந்துகொள்வது அப்போதுதான், ஹால் டிக்கெட்டின் உதவியால். விரதம் அங்கே முடிந்து வித்யாரம்பம் தொடங்குகிறது. பத்து இரண்டு மார்க்குக்கும் ஐந்து பதின்மூன்று மார்க்குக்கும் ஒரு பதினைந்து மார்க்குக்கும் ஓர் இரவு எப்படிப் போதும் என்பது அருளியலின் வினா. அருளின் எல்லை எதுவரை என்பதற்கு 2020 ஆகஸ்டு சாட்சி. கொரோனாக் காலத்தில், கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளித்துத் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. காணிக்கை செலுத்தினால் போதும் என்ற நிலை. ஏ.ஐ.சி.டி.இ. இதை ஏற்கவில்லை, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. சரணாகதி பற்றி வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள குரங்கு–பூனை வாதத்தை நினைவூட்டும் வழக்கு அது.

கடைசியாக, இக்கொள்கையைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஏற்பாடு செய்த நாட்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலிலும் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைத்தது. ஸ்டடி லீவு படிப்பதற்கே என்பது மெய்யானால், கூடுதலாகக் கிடைத்த நாட்களை மாணவர்கள் பொன்னாக எண்ணியிருக்க வேண்டும். நடப்பது வேறு. இரவு ஒன்பதரை மணி. வித்யாரம்பம் அப்போதுதான் நடந்திருக்கிறது, இரண்டாம் பக்கத்தில் விரல். செல்போனில் 'தேர்வுகள் ஒத்திவைப்பு' என்று செய்தி வருகிறது. வரியை முடிக்கக்கூட நிற்காமல், பேனா உள்ளேயே இருக்கப் புத்தகம் மூடப்படுகிறது. முந்தின இரவு என்பது தேர்வோடு சேர்ந்தே நகரும் ஒரு திதி. தேர்வு தள்ளிப்போனால் அதுவும் தள்ளிப்போகிறது. அதுவரை மீண்டும் ஓதாக் காலம். கூடத்தின் மறுபக்கத்தில் தகப்பனார் பத்து மணி சி ஷிஃப்ட்டுக்காக டிஃபன் பாக்ஸை பாலிதீன் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். 'லீவா?' என்கிறார். 'ஆமாம்ப்பா, எக்ஸாம் தள்ளிவெச்சிட்டாங்க' என்கிறான் மகன். ஃபர்னஸைத் தள்ளிவைத்ததாகச் செய்தி எதுவும் இல்லை. அவர் ரெயின்கோட்டின் பட்டன்களைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஏறிய தெருவில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார்.