ராஜா உத்தியோகம்

லண்டனில் இருக்கும் மூன்றாம் சார்லஸும் ராமநாதபுரம் கேணிக்கரையில் இருக்கும் நானும் பார்ப்பது ஒரே உத்தியோகம். அவருக்குக் குதிரைகள் அதிகம், எனக்கு வட்டி அதிகம். மற்றபடி வேலை ஒன்றுதான்: வேறொருவர் எழுதிக் கொடுத்ததை, ராத்திரி முழுக்க நாமே யோசித்து வைத்தது போன்ற முகத்தோடு, நாலு பேர் முன்னால் வாசிக்க வேண்டும்.

இந்த ஞானம் மகள் புண்ணியத்தில் வந்தது. 2023 செப்டம்பரில் ஒரு வருட மேற்படிப்புக்கு அவள் லண்டன் போனாள். எங்கள் வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போனது. இரண்டும் ஒரே வாரத்தில் கிளம்பின. திரும்பி வரும் தேதி மகளுக்கு மட்டும்தான் குறித்திருந்தது.

அங்கே பாடம் நடத்தினார்களா என்று தெரியாது. வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் குதிரை. காவல் மாறப் போகும் குதிரை, கரடித்தோல் தொப்பிக்காரர்களுக்கு வழிவிடும் குதிரை, சும்மா நிற்கும் குதிரை. கடன் தவணையைக் குதிரைகளால் வகுத்து, தலைக்கு என்ன விழுகிறது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு. தேம்ஸ் நதியில் டவர் பாலம் இரண்டாகப் பிளந்து கப்பலுக்கு வழிவிடும் வீடியோ வந்தபோது மட்டும் என் மனைவி அசையவில்லை. "இதுக்கு எதுக்குடி அங்க போகணும்? பாம்பன்ல ஒங்க பாட்டன் காலத்துலேருந்து தூக்குறாங்க" என்றாள். 1914-ல் திறந்த பாலம்; ஆட்களே கையால் சுற்றித் தூக்கியது. அவள் தங்கச்சிமடத்துக்காரி. பாலம் விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

நவம்பர் 7-ஆம் தேதி, நாடாளுமன்றத்தை ராஜா தொடங்கி வைக்கும் நாள். சார்லஸ் ராஜாவான பிறகு வாசிக்கும் முதல் உரை. மகள் அதிகாலையிலேயே போய்ச் சாலையோரம் இடம்பிடித்து, கையை உயர்த்தி எங்களுக்கு வீடியோ கால் போட்டாள். தெரிந்தது, முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரரின் பிடரி. அதில் ஒரு மச்சம். ராஜா வந்தது, போனது எல்லாம் அந்த மச்சத்துக்கு அந்தப் பக்கம் நடந்தது. காலை வெட்டிவிட்டு யூடியூபில் நேரலை போட்டோம். நம்மூர் நேரம் சாயங்காலம் ஐந்து, தட்டில் வாழைக்காய் பஜ்ஜி. லண்டனில் குளிரில் நின்றவளைவிட எங்களுக்குத்தான் ராஜா பக்கத்தில் தெரிந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, சடங்கு செய்வதில் அவர்கள் நம் சம்பந்திமாரைத் தோற்கடித்துவிடுவார்கள். 1605-ல் ஒரு கூட்டம் நாடாளுமன்றத்துக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய் வைத்துப் பிடிபட்டது. அதனால் இன்றைக்கும் ராஜா வருவதற்கு முன்னால் சிவப்பு அங்கி போட்ட காவலர்கள் நிலவறைகளைத் தேடிவிட்டு வருகிறார்கள். ராஜா பத்திரமாகத் திரும்பும்வரை ஓர் எம்.பி.யை அரண்மனையில் பிணையாக உட்கார வைக்கிறார்கள். (பிணை என்றதும் எனக்கு வீட்டுப் பத்திரம் ஞாபகம் வந்தது.) கிரீடம் தனி வண்டியில் முன்னாலேயே வந்து இறங்குகிறது. பிறகு ராஜாவின் தூதராகக் கறுப்புக் கோல் ஏந்திய அதிகாரி, அன்றைக்கு ஒரு பெண்மணி, கீழ்ச்சபைக்காரர்களைக் கூப்பிடப் போகிறார். அவர் கிட்டே வந்ததும் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்கள். கோலால் மூன்று தட்டுத் தட்டினால்தான் திறக்கிறார்கள். 1642-ல் முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஆட்களோடு சபைக்குள் நுழைந்தார். ஐவரும் அதற்குள் நழுவியிருந்தார்கள். அன்றோடு சரி, எந்த ராஜாவும் அந்தச் சபைக்குள் கால் வைத்ததில்லை. அந்தச் சார்லஸின் தலை 1649-ல் போனதை நினைத்தால், இந்தச் சார்லஸ் ஆளனுப்பிக் கூப்பிடுவதில் நியாயம் இருக்கிறது. என் மனைவி கதவு சாத்தும் இடத்தை மட்டும் திரும்ப ஓட்டச் சொன்னாள்.

இனி உரை. அன்றைக்கு அவர் வாசித்தது ரிஷி சுனக் அரசு எழுதியது. கடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க வருஷா வருஷம் புது உரிமம் தருவோம் என்றார். இளவரசராக இருந்த காலமெல்லாம் சுற்றுச்சூழல், பருவநிலை என்று பேசி வந்த மனிதர். முகத்தில் ஒரு சுருக்கம் கூடவில்லை. 2024 ஜூலையில் ஆட்சி மாறி கீர் ஸ்டார்மர் வந்தார். 17-ஆம் தேதி மறுபடி அதே கிரீடம், அதே நாற்காலி, அதே "என் அரசாங்கம்". இந்தத் தடவை, மாசில்லாத மின்சாரத்துக்கு அரசே ஒரு நிறுவனம் தொடங்கும் என்றார். முகம் நவம்பரில் பார்த்த முகமேதான். சிகரெட்டை இளவட்டங்களுக்குப் படிப்படியாக விற்கவே விடாமல் செய்யும் சட்டம் மட்டும் இரண்டு உரையிலும் இருந்தது.

நானும் அப்படி இரண்டு உரை நிகழ்த்தியவன். முதலாவது 2023 பொங்கலுக்கு, பரமக்குடியில் என் அக்கா வீட்டில். "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறதா இல்லக்கா. மதுரையில இல்லாத படிப்பா?" அக்கா நெகிழ்ந்துபோய், "தம்பிக்கு இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றாள். ஆடி மாதம் அதே திண்ணை, அதே காபி டம்ளர், இரண்டாம் உரை: "காலம் மாறிப்போச்சுக்கா. பிள்ளைகள நாம கட்டிப் போடக் கூடாது." இரண்டையும் எழுதியது ஒரே கை. இடையில் ஆட்சி ஒன்றும் மாறவில்லை, அட்மிஷன் மெயில் வந்திருந்தது, அவ்வளவுதான். அரசாங்க ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். வரைவு எழுதுபவர் ஒருவர், கையெழுத்துப் போடுபவர் ஒருவர், திட்டு வாங்குபவர் மூன்றாமவர் என்பது எனக்குப் புதிதில்லை. வீட்டில் கடைசி இரண்டு இருக்கையும் எனக்கே கூடுதல் பொறுப்பாகக் கிடைத்திருக்கின்றன.

எழுதிக் கொடுத்ததை வாசிக்க மறுக்கவும் முன்னுதாரணம் உண்டு. அதற்கு லண்டன் வேண்டாம், சென்னைக் கோட்டை போதும். 2023 ஜனவரி 9-ல் ஆளுநர் ஆர்.என். ரவி உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டு வாசித்தார். அச்சடித்ததுதான் அவைக்குறிப்பில் ஏறும் என்று தீர்மானம் வந்ததும் எழுந்து போய்விட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 12-ல் ஓரிரு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். உரை முழுவதையும் சபாநாயகர் அப்பாவு தமிழில் வாசித்தார். நானும் பரமக்குடியில் ஒரு பத்தியை விட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்கென்று கட்டிவந்த சீட்டை எடுத்துத்தான் விமான டிக்கெட் போட்டோம் என்ற பத்தி. அக்கா அடுக்களையிலிருந்து என் மனைவி அந்தப் பத்தியை மட்டும் கணீரென்று வாசித்து முடித்தாள். அவைக்குறிப்பில் ஏறிவிட்டது. அக்கா இன்னும் அதை அடிக்கடி எடுத்துப் புரட்டுகிறாள்.

ஊர்வலம் சலித்ததும் மகள் கீழ்ச்சபையில் விவாதம் கேட்கப் போக ஆரம்பித்தாள். அங்கே பார்வையாளர் மாடத்துக்குக் காசு கிடையாது. எந்த நாட்டுக்காரரும் வரிசையில் நின்று, சோதனை முடித்து, போய் உட்காரலாம். இலவசம் என்பதால் நான் தடுக்கவில்லை. உறுப்பினர்கள் 650 பேர், பெஞ்சில் இடம் 427 பேருக்கு. புதன்கிழமை நண்பகல் பிரதமர் கேள்வி நேரத்தில் நிற்க இடமிருக்காது. மற்ற நாள் சாயங்காலங்களில் பெஞ்சு காற்று வாங்கும். சபை கலைவதற்கு முன் கடைசி அரை மணி நேரம் ஓர் உறுப்பினர் தன் தொகுதிக் குறை ஒன்றைச் சொல்வார், ஓர் அமைச்சர் இருந்து பதில் சொல்லியாக வேண்டும். மகள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அப்படி ஒன்றைக் கேட்டாள். "மொத்தமே ஏழெட்டுப் பேருதான்ப்பா இருந்தாங்க. ஆனா கேட்ட ஆள் இருக்கும்போதே பதில் சொல்றாங்க." எனக்கு நம்பிக்கை வரவில்லை. மனு கொடுத்தவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு பதில் எழுதுவதுதான் எங்கள் ஆபீஸ் மரபு.

சபைக்குள் முன் பெஞ்சுகளுக்கு எதிரே தரையில் இரண்டு சிவப்புக் கோடுகள். பேசுகிறவர் அதைத் தாண்டக் கூடாது. இடைவெளி இரண்டு வாள் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல் என்பது ஐதீகம். அடுத்தவரைப் பொய்யர் என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வாசல் காவலரிடம் ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கிறது. உறுப்பினர் கேட்டால் ஓசியில் ஒரு சிட்டிகை. நாடாளுமன்ற ஜனநாயகத்தின் பக்கம் நான் முழுதாகச் சாய்ந்தது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டில் பட்டணம் பொடி தடைசெய்யப்பட்ட பொருள்.

அதிலிருந்து புதன்கிழமைகளில் டீக்கடை பெஞ்சில் செல்போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து, எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆறு கேள்வி என்பதிலிருந்து பாடம் எடுத்தேன். இங்கிலீஷ் எனக்கு முக்கால்வாசி புரியாது. அதனால் விளக்கம் தங்கு தடையில்லாமல் வந்தது. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில். தங்கச்சிமடத்திலிருந்து வந்திருந்த என் மச்சினன் ஒரு முழு கேள்வி நேரத்தையும் பொறுமையாகப் பார்த்தான். "ஏன் மச்சான், இதுல கடலுக்குப் போறவன் பிரச்சினை எப்ப வரும்?"

"மாப்ளே, இது லண்டன் பார்லிமென்ட்டுடா."

"தெரியும் மச்சான். டெல்லியில கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, அதான் இங்க கேக்குறேன்."

டீ மாஸ்டர் செல்போனை எடுத்துவிட்டுச் சர்க்கரை போட்டார்.

மகளின் குதிரைகளுக்கு ஈடு சொல்ல என்னிடம் ராஜா இல்லாமல் இல்லை. நடக்கிற தூரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசம். பஸ்ஸில் கண்டக்டர் "அரண்மனையெல்லாம் எறங்கு" என்று விரட்டுகிற நிறுத்தம். உள்ளே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சுவரோவியங்கள், சேதுபதிகளுக்குப் பட்டம் கட்டிய கல். இப்போது தொல்லியல் துறையின் பொறுப்பு. "ஒங்க ராஜாவ குதிரை இழுக்குது. எங்க ராஜா தானே வண்டி இழுத்தாரு" என்று ஆரம்பித்தேன். 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்து இறங்கியபோது, குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியை ஜனங்கள் இழுத்தார்கள். பாஸ்கர சேதுபதியும் கூடச் சேர்ந்து இழுத்தார். மகள் கொஞ்சம் யோசித்தாள். "வீடியோ இருக்காப்பா?"

நான் விடவில்லை. 1795-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்துக்கொண்டு போன முத்துராமலிங்க சேதுபதி, 1809-ல் சென்னைக் கோட்டையில் கைதியாகவே இறந்தார். இன்றைக்கு அந்தக் கோட்டைக்குள்தான் சட்டசபை. சண்முக ராஜேஸ்வர சேதுபதி 1937 தேர்தலில் நின்று முத்துராமலிங்கத் தேவரிடம் தோற்றார். 1952-ல் ராமநாதபுரத்திலேயே ஜெயித்தார். 1954-ல் காமராஜர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒருவர். லண்டன் ராஜா மரபுப்படி ஓட்டே போடுவதில்லை. எங்கள் ராஜா ஓட்டுக் கேட்டு, தோற்று, மறுபடி கேட்டவர். இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது திரையில் மகள் இல்லை, அவள் அறையின் விட்டம் தெரிந்தது. போனைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சமைக்கப் போயிருந்தாள்.

ஓட்டு என்றால் எனக்குத் தனி அக்கறை. உத்தியோகத்தில் நான் தொட்ட உச்சம், வாக்குச்சாவடியில் மை வைக்கும் அலுவலர் பதவி. இடது ஆள்காட்டி விரல். நகத்தின் மேல்முனையிலிருந்து முதல் கணு வரை கோடு. எண்ணெய் தடவி வருகிறவர்கள் உண்டு, துணியால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். காய்வதற்குள் வேட்டியில் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கலெக்டரே வந்தாலும் என்னிடம் விரலை நீட்டியாக வேண்டும்.

2024 ஏப்ரல் 19-ல் எங்கள் ஊருக்கு மக்களவைத் தேர்தல். ஏணியில் நவாஸ்கனி, பலாப்பழத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம், பட்டியலில் அதே பெயரில் வேறு சில பன்னீர்செல்வங்கள். மகள் பெயர் இங்கே பட்டியலில் இருந்தது. நேரில் வந்தால்தான் ஓட்டு. ஆகவே பன்னீர்செல்வங்களுக்கு நடுவே பன்னீர்செல்வத்தைத் தேடும் அனுபவம் அவளுக்கு வாய்க்கவில்லை. ஜூன் 4 வரை காத்திருந்தோம், ஏணி ஜெயித்தது.

சொந்த ஊரில் போட முடியாதவள், இங்கே முடிவு வந்து ஒரு மாதம் கழித்து லண்டனில் போட்டாள். பிரிட்டனில் முறையாகக் குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே பொதுத்தேர்தலில் ஓட்டு உண்டு, படிக்கப் போனவர்களுக்கும் உண்டு. ஜூலை 4 அன்று போன் பண்ணினாள். பாஸ்போர்ட்டைக் காட்டினாளாம், சீட்டுக் கொடுத்தார்களாம், பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் பெட்டியில் போட்டாளாம்.

"பென்சிலா?"

"ஆமாப்பா. அங்கயே வச்சிருக்காங்க."

"விரலைக் காட்டு."

காட்டினாள். கழுவித் துடைத்த விரல். மையில்லாத விரலை ஓட்டுப் போட்ட விரல் என்று ஏற்றுக்கொள்ள என் சர்வீஸ் இடம் கொடுக்கவில்லை.

மறுநாளே முடிவு தெரிந்துவிட்டது. அவள் குடியிருந்தது கிழக்கு லண்டனில். அங்கே ஸ்ட்ராட்ஃபோர்டு அண்டு போ தொகுதியில் ஜெயித்தவர் உமா குமரன். இலங்கைப் போருக்குத் தப்பிப் போன குடும்பத்துப் பெண், பிரிட்டிஷ் கீழ்ச்சபைக்குப் போன முதல் தமிழர். என் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. கடலுக்கு இந்தக் கரைக்காரிக்கு அந்தக் கரைப் பிள்ளை ஜெயித்தால் இருக்காதா?

"அந்தப் பிள்ளைக்குத்தானடி போட்ட?"

"அது ரகசியம்மா."

எங்கள் வீட்டில் அதுவரை ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. என் பென்ஷன் எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் மனைவிக்குத் தெரியும். எதிர்க்கட்சித் தலைவருக்காவது ஆறு கேள்வியோடு முடிந்துவிடும்; இவள் கேட்டுக்கொண்டே போனாள். யாரோடு போனே? இங்க பெருசா வரிசையே இல்லம்மா. அந்தப் பிள்ளை பேரு மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா? நேத்துப் பூரா மழைம்மா. அப்ப வேற யாருக்கோ போட்டுட்ட? வாடகை கட்டிட்டேன்மா. கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை, மற்றபடி எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒரு வருடம் மாடத்தில் உட்கார்ந்து என்ன படித்தாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேங்க்காரர் கேட்டால் கடன் வீண்போகவில்லை என்று சொல்லலாம்.

போனை வைத்துவிட்டு என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, ஏப்ரல்ல நீங்க யாருக்குப் போட்டீங்க?"

பிரிட்ஜில் பால் பாக்கெட் இரண்டு இருந்தது. இருந்தாலும் நான் பையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினேன்.