பாரா விமான நிலையம் எத்திணை?

உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் பாலைத்திணை என்பது யாரும் எழுதி வைக்காத, ஆனால் யாரும் மறுக்காத கொள்கை. உரிப்பொருள் பிரிவு. ஆறலை கள்வர் உளர். தண்ணீர் பாட்டில் விற்கிறார்கள்.

இக்கொள்கைக்கு இடைஞ்சல், ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒன்றான பாரா. அங்கே 1936 முதல் விமானம் இறங்குவது கடற்கரை மணலில். முக்கோணமாக மூன்று ஓடுபாதைகள். மிக நீளமானதுகூட 850 மீட்டரை எட்டாது. முனைகளில் மரக்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். இன்றைக்கு எந்தப் பாதை என்பதைக் காற்று முடிவு செய்யும். ஆகவே நிலம் நெய்தல் என முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த நிலத்தைக் கடல் நாளுக்கு இரண்டு முறை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. திணை மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்றார் தொல்காப்பியர். நிலம் காணாமற் போனால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, நச்சினார்க்கினியரும் கைவிட்டுவிட்டார்.

கடலேற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் நேற்றைய புறப்பாட்டு நேரம் இன்றைக்குச் செல்லாது. அட்டவணையை நிலவைப் பார்த்துத்தான் போட வேண்டும். பயணத்துக்குத் திதி பார்க்கும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்போர் இவ்விடத்தைச் சற்று வேகமாக வாசித்துக் கடக்கவும்.

சிறுபொழுது எற்பாடு. ஓடுபாதையில் விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்தால் அன்றைய சேவை முடிந்தது. இரவில் நோயாளியை அழைத்துச் செல்ல வேண்டி வந்தபோது வண்டிகளின் முகப்பு விளக்கை எரியவிட்டு விமானத்தை இறக்கியிருக்கிறார்கள். இதைப் பொழுது மயக்கம் எனக் கொள்க.

கருப்பொருளில் குறையே இல்லை. தெய்வம் வருணன், நடைமுறையில் நிலைய மேலாளரும் அவரே. தொழில், ஓடுபாதையிலேயே மட்டி பொறுக்குதல். காற்றின் திசை காட்டும் பை கம்பத்தில் ஏறியிருந்தால் மணலில் கால் வைக்கக் கூடாது, இறங்கியிருந்தால் வைக்கலாம். புள், 19 பேர் அமரும் ட்வின் ஆட்டர். அன்றிலைப் போல் இணைபிரியாத இரண்டு இஞ்சின்களோடு கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகப் பறந்து வரும். உப்பில் நனைவதால் அதை நன்னீரில் குளிப்பாட்டுவார்கள்.

இனி உரிப்பொருள். விமானம் ஏறினால் பிரிவுதானே, அப்படியானால் பாலையே அன்றோ எனின், அன்று, ஏறினால்தானே! மூடுபனி இறங்கும், காற்று திரும்பும், விமானம் வராது. வந்தவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தலைவி செய்ததும் அதுவே. மற்ற நிலையங்களில் தாமதத்தின் காரணத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், யாரும் நம்புவதில்லை. இங்கே காரணம் சன்னலுக்கு வெளியே அலையடித்துக்கொண்டிருக்கிறது. கடலோடு வாக்குவாதம் செய்து இழப்பீடு வாங்கியவர் இல்லை. ஆகவே இரங்கல், ஆகவே நெய்தல்.

பெட்டி எடுக்கும் இடம் பேருந்து நிறுத்தக் கொட்டகை போல வெளியில் இருக்கிறது. அதற்குத் திணை வகுக்க இக்கட்டுரையாளருக்குத் துணிவில்லை.

ஓர் ஆட்சேபம் மட்டும் எஞ்சுகிறது. நிலையத்துக்குள் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. சுடச்சுட சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு தலைவி இரங்கியதாகச் சங்கப் பாடல் எதிலும் சான்றில்லையே என்பர் எதிர்க்கட்சியார். சூப்புக்கும் சான்றில்லை என்பது எம் மறுப்பு.